காற்றோடு போகும் பெட்ரோல்: எரிசாராயக் கலப்பும் கிராமங்களின் கடமையும்

நெல்லைக் குதிரில் கொட்டி வைத்தால் எலி தின்றதுபோக மிச்சம் இருக்கும். எண்ணெயைக் குடத்தில் வைத்தால் ஓட்டை இருந்தாலன்றிக் குறையாது. பெட்ரோலின் இயல்போ வேறு. எலியும் இன்றி, ஓட்டையும் இன்றி, மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் போதும். அது கண்ணுக்குப் புலப்படாமல் காற்றோடு கலந்து போய்விடுகின்றது. போவது பணம் மட்டுமன்று. போகின்ற ஆவி தீப்பற்றும் தன்மையது. மனிதர் சுவாசத்திற்கும் வயலில் நிற்கும் பயிருக்கும் கேடு விளைப்பது.

இன்று நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் என்னும் எரிசாராயம் கலந்திருக்கின்றது. கரும்பும் மக்காச்சோளமும் நெல்லும் பயிரிடும் விவசாயிகளுக்கு இதனால் புதிய சந்தை ஒன்று கிடைத்திருப்பதை யாவரும் அறிவர். ஆனால், எரிசாராயம் கலந்த பெட்ரோல் ஆவியாகும் விதமும் அதனைக் காக்க வேண்டிய முறையும் கிராமங்களில் இன்னும் நன்கு விளங்கவில்லை. இதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் தெரிந்துகொள்ளல் அவசியமாகும்.

வட சென்னையும் எண்ணெயும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடற்கரைக்கு எண்ணெயுடன் நெடுநாளைய தொடர்பு உண்டு. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டபோது, துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளே தீப்பற்றி எரிந்தன. அக்காலத்திலேயே இக்கரையில் எண்ணெய் சேமிக்கப்பட்டு வந்தது என்பதற்கு இது சான்று.

பிற்காலத்தில் மணலியில் மதராஸ் ரிபைனரீஸ் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் பெற்றிருந்த அவ்வாலை, இன்று சென்னை பெட்ரோலியக் கழகம் என்னும் பெயரில் 105 லட்சம் டன் திறனுடன் இயங்குகின்றது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது; அதுவே இப்பொழுது காமராசர் துறைமுகம் எனப்படுகின்றது. தண்டையார்பேட்டையிலும் அத்திப்பட்டிலும் சேமிப்பு நிலையங்கள் இருக்கின்றன. மணலியிலிருந்து திருச்சி, மதுரை வரையில் பூமிக்கடியில் குழாய் வழியாகவும் எரிபொருள் செல்கின்றது.

திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம் ஆகியவை 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்துவிட்டன. ஆயினும் அவற்றை அடுத்துள்ள மீஞ்சூர், சோழவரம் வட்டாரங்களில் ஊராட்சிகள் பல இன்றும் வயலும் ஏரியுமாக இருந்து வருகின்றன. பகற்பொழுதில் கடற்காற்று வீசத் தொடங்கினால், கரையோரத்தில் எழும் ஆவியும் புகையும் மேற்கே இக்கிராமங்களை நோக்கியே வரும். நகரத்து விஷயம் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, மிகக் கடுமையாக மாசுற்ற பகுதிகளின் வரிசையில் மணலியும் சேர்க்கப்பட்டது என்பதை நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

பெட்ரோல் எவ்வாறு ஆவியாகின்றது?

பெட்ரோல் ஒரே பொருள் அன்று. நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. சில 30 பாகை வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். வேறு சில 200 பாகை வரையில் தாங்கும். இலேசான பகுதிகள் முதலில் ஆவியாகி வெளியேறும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் கலத்தைத் திறந்தால் ‘புஸ்’ என்று ஓசை எழுவதைக் கேட்டிருப்பீர்கள். உள்ளே அடைபட்ட ஆவி வெளியேறும் ஓசையே அது.

ஆவியாகும் நாட்டத்தை அளப்பதற்கு ஓர் அளவு உண்டு. 38 பாகை வெப்பத்தில் எரிபொருளின் ஆவி எவ்வளவு அழுத்தம் கொடுக்கின்றது என்று பார்ப்பார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். எரிசாராயம் கலவாத பெட்ரோலின் ஆவி அழுத்தம் 60 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். இந்த எண் உயர உயர, ஆவி மிகுதியாக எழும்.

வாகனத்திலிருந்து ஆவி போகும் வழிகள் நான்கு. பகலில் வெயில் ஏறும்போது கலம் சூடாகி ஆவி வெளியேறுவது ஒன்று. வண்டி ஓடும்போது யந்திரத்தின் சூட்டினால் போவது இரண்டாவது. ஓடி வந்த வண்டியை நிறுத்தியபின், சூடு தணியும் வரையில் கார்ப்புரேட்டரிலும் குழாய்களிலும் உள்ள பெட்ரோல் ஆவியாவது மூன்றாவது. பெட்ரோல் நிரப்பும்போது, கலத்தினுள் இருந்த ஆவியை உள்ளே புகும் பெட்ரோல் வெளியே தள்ளுவது நான்காவது. காலிக் குடத்தில் தண்ணீர் ஊற்றும்போது உள்ளிருந்த காற்று வெளியேறுவது போன்றதே இது.

இவையன்றி ஐந்தாவதாக ஒரு நுண்ணிய வழியும் உண்டு. ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும் பிளாஸ்டிக் கலங்களின் சுவர் வழியாகவும் எரிபொருள் மெல்ல ஊடுருவி வெளிவரும். மண் பானையில் நீர் கசிந்து ஆவியாவதை இதற்கு ஒப்பிடலாம்.

எரிசாராயக் கலப்பு வந்த வரலாறு

பெட்ரோலில் சாராயம் கலக்கும் எண்ணம் புதியதன்று. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் பின்னர் 2000-இல் நீக்கப்பட்டது. பிரேசில் நாடு 1975-இல் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கிக் கரும்புச் சாராயத்தைக் கொண்டு மோட்டார் வண்டிகளை ஓட்டி வருகின்றது. நம் நாட்டில் 2003-இல் ஒன்பது மாநிலங்களில் நூற்றுக்கு 5 பங்கு கலக்கும் திட்டம் தொடங்கிற்று. அந்த ஒன்பதில் தமிழ்நாடும் ஒன்று. எனினும் பல ஆண்டுகள் போதிய சாராயம் கிடைக்கவில்லை. 2013-14-இல் கலப்பு நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவிலேயே நின்றது. 2018-இல் உயிரி எரிபொருள் தேசியக் கொள்கை வகுக்கப்பட்டபின் வேகம் பிறந்தது. 2022 ஜூன் மாதத்தில் 10 சதவிகிதமும், 2025-இல் 20 சதவிகிதமும் எட்டப்பட்டன.

சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகு, கரும்புச் சாறு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து இச்சாராயம் காய்ச்சப்படுகின்றது. அது லாரிகளில் சேமிப்பு நிலையங்களுக்கு வந்து, அங்கேதான் பெட்ரோலுடன் கலக்கப்படுகின்றது. ஆகையால் வட சென்னையின் சேமிப்பு நிலையங்கள் இன்று இரண்டு எரிபொருள்களும் கூடும் இடமாகிவிட்டன.

கலந்தபின் ஆவி மிகுவது ஏன்?

ஒரு கிராமக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். “சாராயம் கொதிப்பதற்கு 78 பாகை வெப்பம் வேண்டும் என்கிறீர்கள். பெட்ரோலைக் காட்டிலும் அது மெதுவாக ஆவியாகும் பொருள்தானே? அதைக் கலந்தால் ஆவி குறைய வேண்டுமல்லவா?” என்பது அவர் ஐயம். யாவருக்கும் எழக்கூடிய ஐயமே இது.

தனிச் சாராயத்தின் ஆவி அழுத்தம் 16 கிலோபாஸ்கல்தான். ஆனால் பெட்ரோலில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை அதனைச் சேர்த்தால், கலவையின் அழுத்தம் குறைவதற்கு மாறாக ஏறத்தாழ 7 கிலோபாஸ்கல் உயர்ந்துவிடுகின்றது. காரணம் இதுவாகும். சாராயத்தின் அணுத்திரள்கள் தம்முள் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்பவை. உறவினர் பலர் கைகோத்து நிற்கும்போது அவருள் ஒருவரைப் பிரித்துச் செல்வது கடினம். அவர்களையே பெருந்திருவிழாக் கூட்டத்தில் ஆங்காங்கே சிதறவிட்டால் ஒவ்வொருவரும் எளிதில் விலகிப் போய்விடுவர். பெட்ரோலுக்குள் சிதறிய சாராயமும் அவ்வாறே பிடிப்பை இழந்து எளிதில் ஆவியாகின்றது. பெட்ரோலின் இலேசான பகுதிகளும் அதனோடு சேர்ந்து முன்னைக் காட்டிலும் விரைவில் எழுகின்றன.

கலப்பு 10 பங்கிற்கு மேல் போனால் இவ்வுயர்வு மெல்ல இறங்கத் தொடங்கும். 20 பங்கில் சற்றே குறைந்திருந்தாலும், கலவாத பெட்ரோலைவிட மேலாகவே இருக்கும். 85 பங்கு சாராயமாகிவிட்டால் ஆவி அழுத்தம் நன்றாகத் தாழ்ந்துவிடும். எனவே, ஆவியைப் பொறுத்தவரையில், சிறிதளவு கலப்பதே மிகுந்த கவனத்தை வேண்டுவது. கலவாத பெட்ரோல் இருக்கும் கலத்தில் கலந்த பெட்ரோலை ஊற்றினாலும், இரண்டின் சராசரிக்கு மேலாகவே ஆவி அழுத்தம் அமையும்.

இதற்குப் பரிகாரம் சுத்திகரிப்பு ஆலையிலேயே உண்டு. சாராயம் கலக்கவிருக்கும் அடிப்படைப் பெட்ரோலிலிருந்து பியூட்டேன் போன்ற மிக இலேசான பகுதிகளை முன்னதாகவே குறைத்துவிட்டால், கலந்தபின்னும் அழுத்தம் வரம்பிற்குள் நிற்கும். சாராயத்திற்கு மற்றோர் இயல்பும் இருக்கின்றது. சில வகை ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அது இளகச் செய்து, ஊடுருவலை மிகுதிப்படுத்தும். பழைய யந்திரங்களின் குழாய்களையும் வாஷர்களையும் அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும் என்று சொல்வது இதனாலேயே.

நன்மைகளையும் மறைத்தல் கூடாது. சாராயம் கலப்பதால் புகைக்குழாய் வழியே வரும் கார்பன் மோனாக்சைடு குறைகின்றது. பெட்ரோலில் உள்ள பென்சீன் முதலியவற்றின் பங்கும் அந்த அளவிற்குக் குறைகின்றது. இறக்குமதிச் செலவு மிச்சமாகின்றது. கரும்பு விவசாயிக்கு ஆலையின் பணம் வந்து சேர வழி பிறக்கின்றது. ஆவி எழும் என்பதற்காகக் கலப்பை வெறுக்க வேண்டுவதில்லை. ஆவியை அடக்கும் முறையைக் கற்றுக்கொள்வதே அறிவுடைமை.

எவ்வளவு போகின்றது?

‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்பது இதற்கும் பொருந்தும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் வகுத்துள்ள கணக்கின்படி, தடுப்பு ஏதும் இல்லாதபோது, வாகனத்தில் நிரப்பும் ஒவ்வொரு லிட்டருக்கும் 1.32 கிராம் ஆவியாகப் போகின்றது, சிந்துவது 0.08 கிராம். லாரியிலிருந்து பூமிக்கடியிலுள்ள தொட்டிக்குப் பெட்ரோலை மேலிருந்து கொட்டினால் லிட்டருக்கு 1.38 கிராமும், குழாயை அடிமட்டம் வரை இறக்கி நிரப்பினால் 0.88 கிராமும் போகும். தொட்டியிலிருந்து வெளிவரும் ஆவியை வேறொரு குழாய் வழியே லாரிக்குத் திருப்பிவிட்டாலோ, போவது 0.04 கிராம் மட்டுமே.

இதனை நம் கணக்கில் பார்ப்போம். 12,000 லிட்டர் கொண்ட லாரி ஒன்று வந்து இறக்குகின்றது என்று கொள்வோம். மேலிருந்து கொட்டினால் சுமார் 16½ கிலோ காற்றில் போகும். அடிமட்டக் குழாய் வழியே இறக்கினால் சுமார் 10½ கிலோ போகும். ஆவி திரும்பும் குழாயும் பொருத்தியிருந்தால் அரைக் கிலோகூடப் போகாது. ஒரு குழாயைப் பொருத்துவதா வேண்டாமா என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கின்றது.

மாதம் ஒரு லட்சம் லிட்டர் விற்கும் ஒரு நிலையத்தில், தடுப்பு இல்லையேல், வாகனங்களில் நிரப்பும்போது மட்டும் 132 கிலோ ஆவி வெளியேறும். திரவமாகக் கணக்கிட்டால் அது 180 லிட்டருக்குக் குறையாது. இந்த ஆவியை நாள்தோறும் அருகில் நின்று சுவாசிப்பவர் பெட்ரோல் போடும் இளைஞரும் பெண்ணும். அவர்கள் நம் கிராமத்துப் பிள்ளைகளே.

ஆவியால் விளையும் தீங்குகள்

முதலாவது, தீ. சுழிக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைப் பெட்ரோல் தருகின்றது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலே எழுந்து கலைந்து போகாமல், தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடங்களிலும், சாக்கடையிலும், படகின் அடித்தட்டிலும் தேங்கும். பெட்ரோல் இருக்கும் இடம் ஒன்றாகவும், அடுப்பெரியும் இடம் பல அடி தள்ளி வேறாகவும் இருந்தாலும், தீ ஆவியின் வழியே ஓடி வந்துவிடும்.

இரண்டாவது, உடல்நலக் கேடு. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. நம் நாட்டுப் பெட்ரோலில் அது நூற்றுக்கு ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்பது விதி. காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சீன் இருத்தலாகாது என்றும் 2009-இல் தேசியத் தரம் வகுக்கப்பட்டது.

மூன்றாவது, பயிருக்கு ஏற்படும் கேடு. பெட்ரோல் ஆவியும், யந்திரங்களும் அனல் மின் நிலையங்களும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. வானத்தின் உச்சியில் அது நமக்குக் குடையாக இருப்பது. தரையருகே இருந்தால் நஞ்சு. இலையின் நுண்துளைகள் வழியே உட்புகுந்து பச்சையத்தைச் சிதைத்து விளைச்சலைக் குறைக்கும் தன்மை அதற்கு உண்டு. நெல், கோதுமை, பயறு வகைகள் யாவும் இதனால் பாதிக்கப்படக் கூடியவை. பூச்சியும் இல்லை, நோயும் இல்லை, உரமும் குறைவில்லை. ஆயினும் மகசூல் குறைகின்றது என்னும் இடங்களில் காற்றையும் கவனித்தல் தகும்.

நான்காவது, நிலத்தடி நீர். ஆவியாகாமல் கசிந்து பூமிக்குள் இறங்கும் எரிபொருள் கிணற்றைக் கெடுக்கும். 2013-இல் தண்டையார்பேட்டையில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் எண்ணெய் கலந்து வந்ததும், அது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதும் பலரும் அறிந்த செய்தி. கசிவில் சாராயமும் கலந்திருக்குமானால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சாராயத்தையே முதலில் உண்டு பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. அதனால் பென்சீன் நெடுநாள் அழியாமல் நின்று, மேலும் தொலைவிற்குப் பரவுகின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவக் கிராமங்கள் பட்ட துன்பத்தையும் நாம் மறக்கலாகாது. எண்ணெய் போன வழியே அதன் ஆவியும் போய்ச் சேரும்.

தடுக்கும் சாதனங்கள்

பெரிய சேமிப்புத் தொட்டிகளில் பெட்ரோலின் மேலேயே மிதக்கும் கூரை அமைக்கின்றனர். பெட்ரோல் ஏறினால் கூரையும் ஏறும்; இறங்கினால் அதுவும் இறங்கும். இடைவெளி இல்லாததால் ஆவி சேர இடமில்லை.

மோட்டார் வண்டிகளில் கரி டப்பா ஒன்று பொருத்தப்படுகின்றது. தேங்காய்ச் சிரட்டைக் கரி நீரிலுள்ள நாற்றத்தைப் பிடித்துக்கொள்வதை நாம் அறிவோம். அவ்வாறே இந்த டப்பாவிலுள்ள பதப்படுத்திய கரி, வண்டி நிற்கும்போது எழும் ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது அந்த ஆவி யந்திரத்தினுள் இழுக்கப்பட்டு எரிந்து பயனாகும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஆறாம் பாரத நிலை விதிகளின்படி, மூடிய அறையில் சோதிக்கும்போது காரிலிருந்து 2 கிராமுக்கு மேலும், இரு சக்கர வண்டியிலிருந்து 1.5 கிராமுக்கு மேலும் ஆவி வெளிவரலாகாது.

மிகுதியாக விற்கும் நகர நிலையங்களில் ஆவி மீட்பு அமைப்பு வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பணித்துள்ளது. நிரப்பும் குழாயின் முனையிலேயே ஆவியை உறிஞ்சிப் பூமிக்கடியிலுள்ள தொட்டிக்குத் திருப்பும் ஏற்பாடு அது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. விற்பனைக்கன்றிச் சொந்த உபயோகத்திற்காக 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள உரிமம் வேண்டுவதில்லை என்று 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் கூறுகின்றது. ஆனால், அதனை இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலத்தில்தான் வைத்தல் வேண்டும். கண்ணாடியும் பீங்கானும் 1 லிட்டருக்கும், உலோகம் 25 லிட்டருக்கும் மேற்படலாகாது. குடிதண்ணீர் பிளாஸ்டிக் பாட்டில் இதற்கு உரியதன்று.

2. மருந்து தெளிக்கும் யந்திரம், புல் வெட்டும் யந்திரம் முதலியவற்றில் பருவம் முடிந்தபின் பெட்ரோலைத் தேக்கி வைக்கலாகாது. சாராயம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீர் அளவு மீறினால், சாராயமும் நீரும் சேர்ந்து அடியில் தனியே பிரிந்து நின்று யந்திரத்தைப் பழுதாக்கும். கலத்தை வடித்து, யந்திரத்தைத் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வைப்பதே முறை. மழைக்காலத்திலும், உப்பங்காற்று வீசும் கடற்கரையிலும், படகு யந்திரம் வைத்திருப்போர் இதனை இன்னும் கருத்தாகச் செய்தல் வேண்டும்.

3. கார்ப்புரேட்டர் உள்ள பழைய வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் திருகை மூடுக. நிழலில் நிறுத்துக. கலத்தின் மூடியிலுள்ள ரப்பர் வளையம் வெடித்திருந்தால் உடனே மாற்றுக.

4. பெட்ரோல் நிரப்பும்போது குழாய் தானாக நின்றபின், மேலும் ஊற்றச் சொல்ல வேண்டா. மிகுதி பெட்ரோல் கரி டப்பாவிற்குள் புகுந்து அதனைக் கெடுத்துவிடும். பழுது பார்க்கும்போது அந்த டப்பாவையோ அதன் குழாயையோ கழற்றிவிட மெக்கானிக்கை அனுமதிக்கலாகாது.

5. விடியற்காலையில் வாங்கினால் பெட்ரோல் அளவு கூடக் கிடைக்கும் என்பது சரியன்று. பூமிக்கடியிலுள்ள தொட்டியின் வெப்பம் காலையிலும் பகலிலும் ஏறத்தாழ ஒன்றே. எனினும், வெயில் தாழ்ந்த வேளையில் வாங்கினால் வாகனக் கலத்திலிருந்து போகும் ஆவி குறையும் என்பது உண்மை.

6. குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுத்தலாகாது. அது நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பஞ்சாயத்துகளின் பொறுப்பு

கிராமங்களில் பெட்டிக்கடைகளில் பாட்டிலில் பெட்ரோல் தொங்குவதைக் காண்கிறோம். அவசரத்திற்கு உதவுகின்றது என்று பலர் இதனை ஆதரிக்கின்றனர். ஆனால், உரிமமின்றி விற்பது சட்ட விரோதம். கூரைக்கடியில், பீடி பற்ற வைக்கும் இடத்தருகில், வெயிலில் ஊதி நிற்கும் பாட்டில் ஒன்று ஒரு தெருவையே எரித்துவிடப் போதுமானது. கடைக்காரரை அழைத்து ஆபத்தை எடுத்துரைத்து, விற்பனையை நிறுத்தச் செய்வது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமை.

புதிய பெட்ரோல் விற்பனை நிலையம் ஊருக்கு வரும்போது, மாவட்ட ஆட்சித் தலைவரின் தடையின்மைச் சான்று வேண்டும். அச்சமயம் ஊராரின் கருத்தைத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, புதிய நிலையத்தின் நிரப்பு முனை, விற்பனைக் குழாய், ஆவிபோக்கிக் குழாய் ஆகியவற்றுள் அருகிலிருப்பதிலிருந்து 50 மீட்டருக்குள் பள்ளிக்கூடமோ, 10 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையோ, சட்டப்படி குறிக்கப்பட்ட குடியிருப்புப் பகுதியோ இருத்தலாகாது. இடநெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் இத்தூரம் குறையலாம். எவ்வகையிலும் 30 மீட்டருக்குக் கீழே குறைதல் கூடாது. உயர் அழுத்த மின்கம்பி நிலையத்தின் மேலாகச் செல்லுதலும் ஆகாது. அங்கத்தினர்கள் அளவுநாடாவுடன் சென்று தாமே அளந்து பார்க்கலாம். அருகே குடிநீர்க் கிணறு இருக்கின்றதா என்பதையும் குறித்துக்கொண்டு எழுத்து மூலம் தெரிவிப்பது நலம்.

நிலையம் வந்தபின், லாரியிலிருந்து பெட்ரோல் இறக்கும்போது ஆவி திரும்பும் குழாய் பொருத்தப்படுகின்றதா என்று கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு. கிணற்று நீரில் பெட்ரோல் வாடை வீசினால், அந்நீரைக் குடிக்காமலும் சமையலுக்கு எடுக்காமலும் நிறுத்தி, வட்டார வளர்ச்சி அலுவலகத்திற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திற்கும் உடனே எழுதுதல் வேண்டும்.

கோடை தொடங்கும் மே தினத்தில் கிராம சபை கூடுகின்றது. அன்று இவ்விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துப் பேசலாம். பள்ளி ஆசிரியர்களும் தீயணைப்பு நிலையத்தாரும் அழைத்தால் வந்து விளக்குவர். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டுவதில்லை.

கரும்பை நட்டு, நீர் பாய்ச்சி, வெட்டி, ஆலைக்கு அனுப்பும் விவசாயியின் உழைப்பே இன்று ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் ஒரு பங்காக இருக்கின்றது. அந்த உழைப்பின் பயன் காற்றோடு போய், திரும்பவும் அவர் வயலுக்கே நஞ்சாக வந்து சேர விடலாமா? மூடியை இறுக்குவதும், குழாயைப் பொருத்துவதும், தூரத்தை அளப்பதும் சிறிய காரியங்களே. ஊரார் ஒன்றுகூடி இவற்றைச் செய்வார்களாயின், எரிசாராயத்தின் நன்மை முழுவதும் கிராமத்திற்கே வந்து சேரும்.